சுதர்சிகாவுக்கு வந்த அழைப்புகள்

என் கணவரின் தங்கை சுதர்சிகாவுக்கு நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது கேளாமற் போனது. வாயிலிருந்து சில சொற்கள் வரும். அவை வீட்டிலுள்ள எங்களுக்கு மட்டும்தான் விளங்கும். மற்றவர்களுக்குக் கொப்பியில் எழுதிக் காட்டுவாள். திருகோணமலைக்குப் பக்கத்தில், கப்பல்துறையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தபடி மூன்று வருடம் ஒரு வியாபாரம் செய்தாள். அது நின்றுபோனதில் எனக்கும் பங்கு உண்டு.

அதற்கு முதல் ஒன்பது வருடம் ஆடைத் தொழிற்சாலையில் தைத்தவள். அங்கே மெசின் பழுதானால் திருத்துபவர் வரும்வரை காத்திருக்கமாட்டாள், தானே கழற்றிப் பார்ப்பாள். கொரோனாவோடு ஆட்களைக் குறைத்தபோது அவளையும் நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் பழுதான தையல் மெசின்களை வாங்கிக் கழற்றத் தொடங்கினாள். நல்ல பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, படம் பிடித்து, போனில் ஒரு விற்பனைத் தளத்தில் போட்டாள். புதிதாக இப்போது கிடைக்காத பாகங்கள் என்பதால் நாடு முழுவதிலும் இருந்து கேட்டார்கள். காலி நகரத்தில் ஒரு தையற்காரர் மாதம் தவறாமல் சிங்களத்தில் எழுதுவார். அவள் அதைப் போனில் தமிழாக்கிப் படித்து, எந்தச் சுருள்கம்பி எங்கே பொருந்தும் என்று படத்தில் அம்புக்குறி போட்டு அனுப்புவாள்.

கடைகளுக்கு நாங்கள் சேர்ந்து போனால், பொருள் வாங்குவது அவளாக இருந்தாலும் கடைக்காரர் என்னோடுதான் கதைப்பார். கடைசியில் "பாவம்" என்று ஒரு சொல் சொல்லாமல் விடமாட்டார். அதை அவள் உதட்டசைவிலேயே வாசித்துவிடுவாள். போனில் யாரும் அவளைப் பாவம் என்று சொல்லவில்லை. எல்லோரும் எழுதினார்கள், அவளும் எழுதினாள்.

போன வருடம் ஆவணியில் மூன்று நாள், ஒரே நேரத்தில், தெரியாத இலக்கமொன்றிலிருந்து அவளுடைய போனுக்கு அழைப்பு வந்தது. வழக்கம்போல அவள் வெட்டிவிட்டாள். நாலாம் நாள் பார்சல்களைக் கட்டிவைத்துவிட்டுப் போனைத் திறந்தால், கணக்கு இடைநிறுத்தப்பட்டிருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் நின்றது. விற்பனையாளர் எல்லோரையும் அழைத்து அடையாளம் சரிபார்க்கிறார்களாம். மூன்று முறை அழைத்தும் அவள் பதில் சொல்லவில்லையாம்.

அவள் பதற்றப்படவில்லை. உதவிப் பகுதிக்கு எழுதினாள்: "எனக்குக் காது கேட்காது. கேட்பதை எழுத்தில் கேளுங்கள். அடையாள அட்டை அனுப்புகிறேன்." ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: "உங்கள் பொறுமைக்கு நன்றி. எங்கள் உத்தியோகத்தர் விரைவில் உங்களை அழைப்பார்."

அவள் திரும்ப எழுதினாள். திரும்பவும் அதே பதில். அப்படி எட்டுத் தரம். எட்டாவது பதிலை எனக்குக் காட்டிச் சிரித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

அடுத்த அழைப்பு வந்தபோது நான் எடுத்தேன். ஒரு பெண் தமிழில் கேட்டாள்.

"சுதர்சிகாவோ கதைக்கிறது?"

"இல்லை, நான் அவவின்ர மச்சாள். அவவுக்குக் காது கேளாது. பக்கத்திலதான் இருக்கிறா. என்ன கேக்கோணுமோ கேளுங்கோ, எழுதிக் காட்டிப் பதில் சொல்லுறன்."

"கணக்குக்காரர்தான் கதைக்கோணும் அக்கா."

"கதைக்க ஏலாது எண்டுதானே சொல்லுறன்."

"எனக்கு விளங்குது. ஆனா கதைக்க ஏலாது எண்டு போடுறதுக்கு இந்தப் படிவத்தில இடமில்லை. பதில் சொன்னவவோ சொல்லயில்லையோ எண்டு மட்டும்தான் கேக்குது. நாளைக்குத் திரும்ப கோல் எடுப்பம்."

ஓட்டோவை நிறுத்திவிட்டு வந்த என் கணவர் நிசாந்தன் முழுவதையும் கேட்டார்.

"நாளைக்கு நீ சுதர்சிகா எண்டே சொல்லு, கீர்த்தனி. அடையாள அட்டை இலக்கம் தெரியும், பிறந்த திகதி தெரியும். வேற என்ன வேணும்?"

நாங்கள் என்ன கதைக்கிறோம் என்று சுதர்சிகாவுக்கு விளங்கிவிட்டது. கொப்பியை எடுத்து எழுதினாள்: "பொய் வேண்டாம் மச்சாள்."

"இதில என்ன பொய்?" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து. "உனக்காகத்தானே செய்யிறம்."

நான் அவளுடைய பக்கம் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பின்னறையில் கட்டிய பார்சல்கள் அப்படியே கிடந்தன. பணம் கட்டியவர்களுக்குப் பதில் எழுதவும் வழியில்லாமல் கணக்கு பூட்டிக்கிடந்தது. எப்படியாவது திறந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் அழைத்தது ஒரு ஆண். "ஓம், நான்தான் சுதர்சிகா" என்றேன். இலக்கம் சொன்னேன், திகதி சொன்னேன். அம்மாவின் பெயர் கேட்டார். "கனகமணி" என்று, செத்துப்போன என் மாமியாரின் பெயரைச் சொன்னேன். சுதர்சிகா எனக்கு எதிரே கதிரையில் இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பெயரையும் அவளுடைய தாயின் பெயரையும் எனதாக்கி நான் சொன்னதை ஒன்றும் விடாமல் வாசித்தாள். கதைத்து முடிந்ததும் எழுந்து பின்னறைக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து வேறொரு அறிவித்தல் வந்தது. கணக்கை இன்னொருவர் பயன்படுத்துவதாகக் கண்டறியப்பட்டதால் நிரந்தரமாக மூடப்பட்டதாம். மேன்முறையீடு இல்லையாம்.

வைத்தியரின் கடிதமும் கிராம சேவையாளரின் கடிதமும் எடுக்க ஒரு கிழமை போனது. பிறகு அவளும் நானும் விடிய பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனோம். மத்தியானம் கடந்துதான் அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடித்தோம். விற்பனையாளர்களை உள்ளே எடுப்பதில்லை என்று வாசலில் நின்ற காவலாளி சிங்களத்தில் சொன்னார். எனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில் கெஞ்சினேன். அவர் சுதர்சிகாவைப் பார்த்தார், கடிதங்களைப் பார்த்தார். மேலே யாருக்கோ போன் எடுத்தார்.

பர்தா அணிந்த ஒரு இளம்பெண் இறங்கி வந்தாள். பெயர் ஸாலிஹா, ஊர் மூதூர் என்றாள். தமிழில் கதைக்க அங்கே இரண்டு பேர்தானாம், அவளும் இன்னொரு பெடியனும். என் குரலைக் கேட்டதும், போனில் முதலில் தன்னோடு கதைத்த மச்சாள் நான்தான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டு, சுதர்சிகாவின் கொப்பியை வாங்கி, வாசற்படியில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து எழுதத் தொடங்கினாள்.

"முதல் மூன்று தரமும் நான்தான் அழைத்தேன். பதில் இல்லை என்று பதிந்ததும் நான்தான். உங்களுக்குக் காது கேட்காது என்று அப்போது எனக்குத் தெரியாது."

"போன் மின்னியதைப் பார்த்தேன்," என்று சுதர்சிகா எழுதினாள். "இப்போது எழுத்தில் கேளுங்கள். எல்லாம் சொல்கிறேன்."

"இப்போது கேட்டும் பயனில்லை. இரண்டு அழைப்பிலும் ஒரே குரல், ஒன்றில் மச்சாள், மற்றதில் சுதர்சிகா. குரலை ஒப்பிடும் கணினி பிடித்துவிட்டது. மூடிய கணக்கைத் திறக்க எங்களுக்கு அனுமதி இல்லை."

"புதுக் கணக்கு?"

"அதே அடையாள அட்டைக்குக் கொடுக்காது."

சுதர்சிகா கொப்பியில் புதுப் பக்கம் புரட்டினாள். பிறகு கேட்டாள்: "என்னிடம் வாங்கினவர்கள் என்னைப் பற்றி எழுதியது இருக்குமா?"

"கணக்கோடு அதுவும் போய்விடும்."

ஸாலிஹா கடிதங்களின் பிரதியை வாங்கிக்கொண்டாள். மேலே கொடுத்துப் பார்ப்பதாகச் சொன்னாள், ஆனால் என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், அந்தக் கொம்பனியில் சுதர்சிகாவுக்கு எழுதிப் பதில் சொன்ன ஒரே ஆள் அவள்தான். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

முகநூலில் ஒரு பக்கம் திறந்து கொடுத்தோம். படத்துக்குக் கீழே வந்த முதல் கேள்வியே "போன் நம்பர் தாங்கோ" என்பதுதான். எழுத்தில் கேட்கும்படி அவள் பதில் போட்டால் ஆட்கள் போய்விடுவார்கள். கதைக்க மறுக்கும் கடைக்காரி கள்ளி என்று ஒருவர் எழுதியிருந்தார். அன்றைக்கே அந்தப் பக்கத்தை மூடிவிட்டாள்.

ஒருநாள் குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும்போது நான் கொப்பியில் எழுதிக் கேட்டேன்: "என்னில் கோபமோ?"

"இல்லை," என்று எழுதினாள். கொப்பியை என் பக்கம் தள்ளினாள். திரும்ப இழுத்து, கீழே இன்னொரு வரி எழுதினாள்: "நீங்கள் நல்லாத்தான் சுதர்சிகாவாய்க் கதைச்சீங்கள்."

நான் கொப்பியை மூடி அவளிடமே கொடுத்தேன்.

தை மாதத்திலிருந்து நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை செய்கிறாள். விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. போன கிழமை அங்கே கிழிந்த விரிப்புகள் தைக்கும் மெசின் நின்றுவிட்டதாம். அவள் ஒரு தரம் சில்லைச் சுற்றிப் பார்த்தவுடன் பழுது எங்கே என்று தெரிந்துவிட்டதாம். மேற்பார்வையாளரின் கையைத் தட்டி, தன்னைச் சுட்டிக்காட்டி, மெசினையும் காட்டியிருக்கிறாள். அவருக்கு விளங்கவில்லை. எழுதிக் காட்டக் கொப்பியை எடுத்தாள், அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவளுடைய தோளைப் பிடித்து மெதுவாக இஸ்திரி மேசைக்குத் திருப்பி விட்டாராம். திருகோணமலையிலிருந்து ஆள் வந்து திருத்த இரண்டு நாள் எடுத்தது. தேவையில்லாமல் பெல்ட்டையும் மாற்றினாராம்.

இதை அவள் எனக்குக் கையால் சொல்லிக் காட்டினாள். பெல்ட்டை இழுத்துக் கட்டுவதைக் காட்டும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது. பிறகு அடுத்த நாள் வேலைக்குப் போடும் உடுப்பைத் தேடி எடுத்து மடித்து வைத்தாள்.