வாளையாருக்கு ரசம் கொண்டு போனேன்

காலை ஐந்தேகாலுக்கு மூணாறு மலையிலுள்ள சித்திரபுரத்தில் ஜீப் ஏறினேன். கையில் தயிர்சோற்றுப் பொட்டலமும், கொதிக்கக் கொதிக்க ரசம் நிரப்பிய பிளாஸ்க்கும். மறுநாள் பத்து மணிக்கு ஹெல்த் இன்ஸ்பெக்டர் வருவதாகச் சொல்லியிருந்தார். மூணாற்றில் வாங்கிய காகிதத் தட்டில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறதென்று போன வாரம்தான் நோட்டீஸ் கொடுத்தார். இன்னொரு முறை பிடித்தால் என் சாப்பாட்டுக் கடைக்குச் சீல். வண்டியோரம் நின்று சாப்பிடும் சுற்றுலாக்காரர்களுக்கு எவர்சில்வர் தட்டு கொடுத்துக் கழுவ எங்களிடம் தண்ணீர் இல்லை. பிளாஸ்டிக் இல்லாத தட்டு வாளையார் குடோனில் கிடைக்கும் என்றார்கள்.

மூணாறு, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி, பாலக்காடு. ஐந்து வண்டி மாறி வாளையாரில் இறங்கும்போது மணி ஒன்று. லாரிப் புகையும் சிமெண்டுத் தூசியுமாக வெயில் காய்ந்தது. உடுமலையிலிருந்து மூணாறு போகும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமானால் இரண்டரைக்குள் கிளம்பியாக வேண்டும் என்று தட்டுக் குடோனில் நுழைந்ததுமே சொல்லிவிட்டேன்.

குடோன்காரருக்கு நாற்பது வயதிருக்கும். வெள்ளைக் காகிதத் தட்டு ஒன்றை நீட்டினார். ஒன்று இரண்டு ரூபாய்.

"பிளாஸ்டிக்கே கெடையாதுங்கம்மா. சர்டிபிகேட் பாருங்க."

தாளில் முழுக்க இங்கிலீஷ். தமிழையே நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.

"கண்ணாடி வீட்ல இருக்கு."

"களுத்துல தொங்குதுங்களே."

பிளாஸ்க்கைத் திறந்து தட்டில் ரசத்தை ஊற்றினேன். அவர் சிரித்தார். கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தேன். அவர் சிரிப்பு போய்விட்டது. ரசத்தைக் கொட்டிவிட்டு நகத்தால் கீறினேன். கண்ணாடித்தாள் போல ஒரு தோல் உரிந்து வந்தது.

"அது சோள மாவுல செஞ்சதுங்க. மக்கிருமுங்க."

"இருக்கட்டும். நாளைக்கு எங்க இன்ஸ்பெக்டர்ட்ட வந்து இதச் சொல்லுதீரா?"

"நான் எதுக்குங்க அங்க?"

"அப்ப எனக்கு இது வேண்டாம்."

மணி ஒன்றரை. பாக்குமட்டைத் தட்டுக் கட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். ஒன்று நாலரை ரூபாய். கட்டைப் பிரித்து நடுவிலிருந்து உருவி முகர்ந்தேன். ஈர வாடை.

"வெளிய நல்லாத்தான இருக்குங்க?"

"உள்ள ஈரமிருக்கு. எங்க ஊர்ப் பனியில நாலு நாள்ல பூசணம் பூத்துரும். முத்தத்துல காயுதே, அதக் கொடும்."

"பஸ்ஸு போயிருமுங்கம்மா."

"போனா எனக்குத்தான போகும்?"

முற்றத்துத் தட்டொன்றில் தயிர்சோற்றைப் போட்டு, மீதி ரசத்தையும் ஊற்றி, நிதானமாகச் சாப்பிட்டேன். அடியைத் தடவினேன், கசியவில்லை. நகத்துக்கு வெறும் மட்டைத் தூள்தான் வந்தது. முந்நூறு தட்டு சாக்கில் ஏறியபோது இரண்டே முக்கால்.

உடுமலையில் இறங்கியபோது மூணாறு வண்டி நகரத் தொடங்கியிருந்தது. எனக்கு ஓடிப் பழக்கமில்லை. சாக்கோடு வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"பாட்டி! சாகவா வந்தீங்க?" என்று கத்தினார் டிரைவர்.

"மூணாறு போகத்தாம்ப்பா வந்தேன். மொதல்ல சாக்கு ஏறட்டும்."

மறுநாள் சரியாகப் பத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மச்சி, இதுக்கு சர்டிபிகேட் எங்கே?"

அடுப்படியில் நின்ற என் மருமகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. 

"நகத்த வச்சுக் கீறிப் பாரு சார்."

கீறினார். இன்னொன்றை எடுத்தார், அதையும் கீறினார். மூன்றாவதைக் கீறாமல் என்னிடம் நீட்டினார்.

"சோறு போடு."

ரசம் ஊற்றினேன். சாப்பிட்டு முடித்ததும் அவரும் அடியைத் தடவிப் பார்த்தார். பேனாவை எடுத்து நோட்டீஸின் குறுக்கே கோடு போட்டார்.

அவர் போன பிறகு சாக்கை அடுப்புக்கு நேர் மேலே உள்ள பரணில் ஏற்றச் சொன்னேன். வாளையாரில் தட்டுக்கு வெயில் இருக்கிறது, சும்மா கிடைக்கிறது. எங்கள் மலையில் அது பனியேறாமல் காய நாங்கள்தான் தினமும் தீ மூட்ட வேண்டும்.