தட்டு டிஜே கங்காதரனின் சத்தியம்

கங்காதரன் பயந்தாங்கொள்ளி. திட்டுவதற்காகச் சொல்லவில்லை, அவனையே கேட்டாலும் தலையைச் சொறிந்துகொண்டு ஆமாம் என்பான். ஒன்பது வயதில் அவனுடைய நைனா அவனைப் படகில் ஏற்றிக்கொண்டு முகத்துவாரத்தைத் தாண்டினார். ஏரி கடலோடு சேருகிற அந்த இடத்தில் அலை படகைத் தூக்கிப் போட்ட போட்டில், திரும்பி வந்தவன் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தான். அதோடு சரி. குப்பத்தில் பிறந்துவிட்டுக் கடலுக்குப் போகமாட்டேன் என்றால் சும்மா விடுவார்களா? கேலி தாங்காமல் மீஞ்சூருக்குப் போய், ஒரு சவுண்ட் சர்வீஸில் வேலை கற்றுக்கொண்டு திரும்பினான்.

நாற்பது வயதில்தான் அவனுக்கென்று ஒரு பெயர் கிடைத்தது. தட்டு டிஜே! எளாவூர் வரைக்கும் எல்லாரும் லேப்டாப்பில் பாட்டுப் போட, இவன் ஒருவன் மட்டும் இரண்டு மெஷினை மேசைமேல் வைத்து, கறுப்பு இசைத்தட்டைச் சுழலவிட்டு, விரல் நுனியால் ஊசியை இறக்குவான். ஜனங்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு சுற்றி நிற்பார்கள். இவனும் வீடியோ போட்டான். போட்டவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பட்டனை அமுக்குனா அது டிஜேவா? எங்க வூட்டு மிக்ஸி கூடத்தான் பட்டனை அமுக்குனா சத்தம் போடுது" என்று ஒரு நாள் பேசிவிட்டான். அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் பழவேற்காட்டில் இல்லை.

இத்தனைக்கும் அவனுடைய மேசைக்குக் கீழே, துணிக்குப் பின்னால், ஒரு லேப்டாப் இருந்தது. பாட்டெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. முதல் ஆறு கல்யாணம் நிஜமாகவே தட்டுதான். ஏழாவது கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரம் பார்த்து, ஸ்பீக்கர் அதிர்ந்து, மேசை ஆடி, ஊசி குதித்து, பாடகர் ஒரே வார்த்தையைப் பதினாறு தடவை பாடினார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. போதாக்குறைக்கு உப்புக்காற்றும் மணலும் ஊசியைத் தின்றுகொண்டிருந்தன. எட்டாவது கல்யாணத்துக்கு முந்தின நாள் கங்காதரனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிற தாஹாவிடம் போய், "பாய், இந்த ஒரு கல்யாணத்துக்கு மட்டும்" என்று கெஞ்சினான். தாஹா தலையில் அடித்துக்கொண்டு ஸ்பீக்கர் ஒயரை லேப்டாப்புக்கு மாற்றிக் கொடுத்தார். அந்த ஒரு கல்யாணம் இரண்டு வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

விஷயம் தாஹாவைத் தவிர யாருக்கும் தெரியாது. பெண்சாதி தேவகிக்குக்கூடத் தெரியாது.

ஆனால் சந்தேகப்பட ஒருவன் இருந்தான். அதே குப்பத்து சுரேஷ். அவன் லேப்டாப் டிஜே; மிக்ஸிப் பேச்சு அவனைத்தான் தைத்தது. அதற்குப் பிறகு இரண்டு கல்யாண வீட்டார் அவனை விட்டுவிட்டு கங்காதரனைக் கூப்பிட்டார்கள். வயிற்றெரிச்சல் இருக்காதா? கங்காதரனின் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். கீழே எழுதினான்: "அண்ணே, பாட்டு இப்பதான் ஆரம்பிக்குது. ஊசி மட்டும் எப்டிண்ணே நடுத்தட்டுல கீது?" மறுநாள்: "எல்லாப் பாட்டுக்கும் அதே செவப்பு லேபிளாண்ணே?"

கங்காதரன் அவசரமாக அதை அழித்தான், மறுபடி வந்தது. சுரேஷை பிளாக் செய்தான். அதையே படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான் அந்தக் கிராதகன். அப்புறம் போன் மணி அடித்தாலே கங்காதரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேசைத் துணிக்கு நான்கு ஊக்கு குத்தினவன் இப்போது பதினாலு குத்தினான். யாராவது குனிந்து செருப்பை மாட்டினால்கூட, மேசைக்கு அடியில்தான் பார்க்கிறார்கள் என்று ஓடிப்போய் மறைத்து நின்றான்.

இந்த நிலைமையில்தான் தேவகி வாயைக் கொடுத்தாள். அவள் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். பேச்சில் அவளை மடக்கினவர் இன்னும் பிறக்கவில்லை. வியாழக்கிழமை காலை சுரேஷ் அவள் கூடைக்கு எதிரே நின்று, "உங்க வூட்டுக்காரர் தட்டுலதான் போடுறாருன்னா அம்மன் முன்னால கற்பூரம் அடிக்கச் சொல்லுக்கா" என்றான்.

"இன்னாடா பூச்சி காட்டற? நாளைக்கு வெள்ளிக்கெழம. உச்சி நேரத்துக்கு எம் புருசன் வந்து அடிப்பாரு. நீயும் வா, உன் லேப்டாப்பையும் தூக்கிக்கினு வா!"

மார்க்கெட்டே கேட்டது. இனி பின்வாங்க முடியாது. கங்கையம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒரு வார்த்தை சொன்னால், அதற்குமேல் அந்தக் குப்பத்தில் பஞ்சாயத்து கிடையாது. பொய்யாக அடித்தால்? அந்த வீட்டுப் படகு முகத்துவாரத்தைத் தாண்டித் திரும்பி வராது என்பார்கள். கங்காதரனிடம் படகு இல்லை. தேவகியின் தம்பி ராமனிடம் இருந்தது. அவன் தினமும் விடியற்காலையில் அந்த முகத்துவாரத்தைத்தான் தாண்டுகிறான்.

கங்காதரன் தாஹாவிடம் ஓடினான்.

"அடிக்காத கங்கா. வூட்ல இன்னிக்கே சொல்லிடு" என்றார் தாஹா.

"சொன்னா என்னை வுட்டுட்டுப் போயிடுவா பாய்."

"போவமாட்டா. கத்துவா. வாங்கிக்க."

சொல்லத்தான் வந்தான். வாசலில் ராமன் வலையைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். "மாமா, நாளைக்கு நீ அடிக்கற அடில சுரேஷ் மூஞ்சி செத்துப்போவணும்! சனிக்கெழம அலை சாஸ்தியாம், ஆனாலும் நான் போறேன். அம்மன் பாத்துக்குவா" என்று சிரித்தான். தேவகி வறுத்த மீனைத் தட்டில் வைத்தாள். கங்காதரனுக்கு ஒரு துண்டுகூட உள்ளே போகவில்லை, ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் கோயிலைச் சுற்றிக் கூட்டம். வெற்றிலைமேல் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்தது. சுரேஷ் கைகட்டி நின்றான். ஊர்த் தலைவர், "அடிப்பா, வெயில் கொளுத்துது" என்றார்.

கங்காதரனின் கை எழும்பவில்லை. ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தான். இந்த வயதில் மீஞ்சூருக்கா ஓடுவது?

தேவகி அவனைப் பார்த்தாள். அவளுக்குத் தோன்றியது வேறு. "தலைவரே, இவருக்கு நெருப்புன்னா பயம். சின்னதுலருந்தே பயந்த சுபாவம். நான் அடிக்கறேன்" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னே வந்தாள். "எம் புருசன் தட்டுலதான்..." என்று கையை ஓங்கினாள். கங்காதரனுக்கு அவள் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் வெள்ளையாகச் சிரித்துக்கொண்டு நின்ற ராமன்தான் தெரிந்தான்.

கங்காதரன் குறுக்கே கையை நீட்டிவிட்டான். அவளுடைய அடி அவன் புறங்கையில் விழுந்தது. அவன் உள்ளங்கை கற்பூரத்தின்மேல் அழுந்தியது.

"லேப்டாப்பு" என்றான் கங்காதரன். "மேசைக்குக் கீழ கீது. ரெண்டு வருசமா. தட்டு சும்மா சுத்துது."

கற்பூரம் அணைந்திருந்தது. ஆகவே அதுவும் சத்தியம்தான். சந்தேகப்பட யாராலும் முடியவில்லை.

முதலில் சுரேஷ்தான் பேசினான். "அண்ணே, மிக்ஸிய எப்பண்ணே எடுத்துக்கினு வருவ?" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மானம் கப்பலேறிவிட்டது. ஆனால் கங்காதரன் அந்தச் சிரிப்பையெல்லாம் கவனிக்கவே இல்லை. தேவகி கத்துவாள் என்று காத்துக்கொண்டிருந்தான். அவள் கத்தவில்லை. அதுதான் அவனை எல்லாவற்றையும்விடப் பயமுறுத்தியது.

வீட்டுக்குப் போய் அவன் கைக்கு மருந்து தடவித் துணி சுற்றிய பிறகு மெதுவாகக் கேட்டாள். "லேப்டாப்புல போட்டா இன்னாயா? பாட்டுதானே. ரெண்டு வருசமா மார்க்கெட்ல உனக்காகத் தொண்டை கிழியக் கத்தினேனே, அப்ப உன் வாய்ல இன்னா வச்சிக்கினு இருந்த?"

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. சனிக்கிழமை ராமன் போனான்; பத்து மணிக்கு அவன் படகு ஏரிக்குள் திரும்புவதைப் பார்க்கிறவரை கங்காதரன் கரையைவிட்டு நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு வரவேற்பு. கல்யாண வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்றே நினைத்தான். சொல்லவில்லை, வேடிக்கை பார்க்க ஆசையோ என்னவோ. தட்டு மெஷினை வீட்டிலேயே விட்டுவிட்டு லேப்டாப்பை மட்டும் மேசைமேல் வைத்தான். எதிரே முப்பது செல்போன்கள் மேலே எழும்பின. முன் வரிசையில் சுரேஷ். கங்காதரனின் வலது கையில் கட்டு. இடது கையோ பட்டனுக்கு மேலேயே நின்றது, இறங்க மறுத்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தேவகி வந்தாள். பக்கத்தில் வந்து நின்றாள். மேசைத் துணியைத் தூக்கிக் கீழே குனிந்து பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. நிமிர்ந்தாள்.

"இதுவாச்சும் நெஜமா?"

கங்காதரன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். "நீயே அமுக்கிப் பாரு" என்றான்.

தேவகி விரலை முந்தானையில் துடைத்துவிட்டு ஒரே அமுக்காக அமுக்கினாள். பந்தல் அதிர்ந்தது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, லேப்டாப்பைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடியப்போகிற நேரத்தில் கேட்டாள்.

"அடுத்ததுக்கு எதை அமுக்கணும்?"