விறாந்தையில் இருப்பவர்கள்

அந்த மடிக்கணினியைத் திறந்தால் திரையின் இடது மூலையில் ஒரு சின்னக் கூடையின் படம் தெரியும். அழிக்கும் கோப்புகள் போய்ச் சேரும் கூடை. மற்றவர்களின் கணினிகளில் அதற்குக் கீழே குப்பை என்ற பொருளில் ஏதோ எழுதியிருக்கும். எங்களுடையதில் மட்டும், வீட்டின் முன்திண்ணையைச் சொல்வதுபோல, ‘வெளி விறாந்தை’ என்று இருக்கும். அந்தப் பெயரை வைத்தவர் அக்கா. கூடப்பிறந்தவர் அல்ல, யாழ்ப்பாணத்தில் மருதனார்மடச் சந்திக்குப் பக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த சிறிய அச்சுக்கடையின் சொந்தக்காரி.

கல்யாண அழைப்பிதழும் திருவிழா நோட்டீசும் செய்வோம் என்றாலும் கடைக்குச் சோறு போட்டது கல்வெட்டுத்தான். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். இறந்தவரின் வாழ்க்கை, பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் என்ற விபரம், மனைவி புலம்புவதாக ஒரு பாட்டு, இவற்றுக்கு நடுவே படங்கள். படங்கள்தான் எங்களுக்கு வினை. ஒரு படம் தாருங்கள் என்றால் முழு அல்பத்தையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். எதையும் விட மனம் வராது. எல்லாவற்றையும் பெரிதாக ஸ்கேன் செய்து ஏற்றுவோம்.

கணினியோ லண்டனிலிருந்து அக்காவின் தம்பி அனுப்பியது. வெள்ளி நிறம், மெல்லிய உடம்பு, பார்க்க வலு வடிவு. வயிறுதான் சின்னது. இரண்டு குடும்பம் அல்பத்தோடு வந்துபோனால் போதும், உள்ளே எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் நீலக்கோடு சிவந்துவிடும். அக்கா அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். ஆட்டைத்திவசம் வரைக்கும், அதாவது ஒரு வருடம், இறந்தவர் கணினிக்குள் இருக்கலாம். அதுவரை மறுபதிப்பு, பெரிய படம் என்று யாராவது கேட்டு வருவார்கள். வருடம் திரும்பியதும் எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டு, இங்கே இருப்பதை எடுத்துவிட வேண்டும்.

எடுக்கும் விதம்தான் விசேஷம். முதலில் அந்த ஆளின் படத்தைத் திரை நிறையத் திறப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு, வாசல்வரை வந்து வழியனுப்புகிற குரலில், “போட்டு வாங்கோ” என்பார். போய்விட்டு வாருங்கள் என்பதுதான். யாழ்ப்பாணத்தில் யாரையும் திரும்பி வராதே என்கிற மாதிரி அனுப்ப மாட்டோம். அதற்குப் பிறகுதான் அந்தக் கூடைக்குள் தள்ளுவார். “உவையளைக் குப்பைக்கை போடுறதோ, பிள்ளை? விறாந்தையிலை இருந்து இளைப்பாறட்டும்” என்று சொல்லித்தான் பெயரை மாற்ற வைத்தார். அந்தக் கூடையில் எவ்வளவு தங்கலாம் என்ற எல்லையையும் கூட்டக்கூடிய அளவுக்குக் கூட்டச் சொன்னார்.

கேலியாகச் சிரித்துக்கொண்டு நானும் செய்துகொடுத்தேன். ஆனால் விறாந்தையும் வீட்டின் பகுதிதானே? அங்கே இருப்பவர்களும் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருப்பார்கள், அதையும் வெறுமையாக்கினால்தான் கோடு நீலமாகும் என்று எத்தனையோ தரம் சொன்னேன். “ஓம், ஓம், நாளைக்குப் பாப்பம்” என்பார். சிவந்த கோட்டோடு சண்டை பிடித்தபடியே வேலை செய்தோம். மதிய வெயிலில் சந்திக் கோயில் மணி கேட்கும்போது, உள்ளே அத்தனை பேரும் கால் நீட்டி அமர்ந்து தேத்தண்ணிக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்கே தோன்றும். அரைத்தூக்கத்தில் அவர்கள் கதைப்பதுகூடக் கேட்கும்.

ஒரு கடையடைப்பு நாளில் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. மயிலிட்டியிலிருந்து வந்த குடும்பத்தின் தகப்பனாருக்கு மறுநாள் அந்தியேட்டி. கல்வெட்டு முக்கால்வாசி முடிந்துவிட்டது. கணினி சேமிக்க மாட்டேன் என்றது. இருந்த ஒரே வெளி டிஸ்க் எப்போதோ விழுந்து செத்துப்போயிருந்தது, கையில் ஒரு பென் டிரைவும் மிச்சமில்லை. புதிதாக ஒன்று வாங்கச் சந்தியில் ஒரு கடையும் திறக்கவில்லை. “அக்கா, விறாந்தையைத் துடைப்பம். எல்லாக் குடும்பத்திட்டையும் அவையின்ரை படங்கள் இருக்குத்தானே” என்றேன்.

“எல்லாரிட்டையும் இல்லை” என்றார்.

விறாந்தையைத் திறந்து காட்டினார். அங்கே இருந்தவற்றில் ஆகப் பெரிய கோப்புக்குப் பெயர் ‘இவர்’. அக்கா தன் கணவரின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் சேர்வதற்கு முன்பே நெஞ்சுவருத்தத்தில் இறந்துபோனவர். கணினி வந்திறங்கிய அன்று கமெராவைச் சோதிக்கிறேன் என்று அவர் தொடங்கி, நிற்பாட்டத் தெரியாமல் விட்ட வீடியோ அது. வேறு எங்கும் பிரதி இல்லை. அவருடைய வருடம் முடிந்த அன்றே அக்கா தன் முறைப்படி அவரையும் விறாந்தைக்கு அனுப்பியிருக்கிறார். அதற்கு மேல் அனுப்ப முடியவில்லை. அவருக்காகத்தான் மற்ற எல்லாரும் அங்கே காத்திருந்திருக்கிறார்கள்.

“இவரை மட்டும் திரும்ப உள்ளுக்கை எடுப்பம் அக்கா. மற்றவையை அனுப்புவம்” என்றேன். எனக்கு அது மிகச் சுலபமான வழியாகப் பட்டது.

“மற்றச் சனத்தின்ரை ஆக்களை அனுப்பிப்போட்டு என்ரை மனிசனை மட்டும் வைச்சிருக்கிறதோ? எந்த முகத்தோடை நாளைக்கு அவையளுக்கு முன்னாலை நிக்கிறது?”

ஒருதரம் பார்ப்பதற்காக மட்டும் வீடியோவை வெளியே எடுத்துப் போட்டார். மூக்குக்கண்ணாடி அணிந்த ஒரு பெரிய முகம் திரைக்கு மிக அருகில் வந்தது. “உது வேலை செய்யுதோ தெரியேல்லை, இஞ்சை ஒருக்கால் வந்து பாரும்” என்று அவர் அக்காவைக் கூப்பிட்டார். அக்கா வரவில்லை போலிருக்கிறது. அவரே எழுந்து போனார். அதன் பிறகு அவர் உட்கார்ந்திருந்த கதிரை மட்டும், வெறுமையாக. சுவரில் மரநிழல் அசைந்தது. தெருவில் ஒரு சைக்கிள் மணி, தூரத்தில் பஸ், எங்கேயோ அக்காவின் சிரிப்பு. அந்த வெறும் கதிரையை அக்கா கடைசிவரை பார்த்தார். வெளியே கடையடைத்த தெரு அமைதியாகக் கிடந்தது. அந்தச் சைக்கிள் அன்றைக்குப் போனதா, இப்போது போகிறதா என்று எனக்குக் குழம்பியது.

முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போட்டு வாங்கோ” என்றார். வீடியோவைத் திரும்ப விறாந்தையில் விட்டு, முழு விறாந்தையையும் வெறுமையாக்கப் போனார்; நிரந்தரமாக அழிக்கவா என்று கணினி கேட்டது. அவரே அழுத்தினார். கோடு நீலமானது. நான் அழுதுவிட்டேன், அக்கா அழவில்லை. “விசரி, அந்தக் கடைசிப் பக்கத்தை முடிச்சு விடும்” என்று செல்லமாகத் திட்டி என் முதுகில் தட்டினார். கல்வெட்டு மறுநாள் காலை மயிலிட்டிக்குப் போனது.

அக்கா போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. கடையை இப்போது நான் நடத்துகிறேன். அவருடைய கல்வெட்டையும் அதே கணினியில்தான் செய்தேன். படங்களெல்லாம் லண்டன் தம்பியிடம் இருக்கின்றன. அழித்தால் எனக்கு இழப்பு ஒன்றுமில்லை, இழப்பு எல்லாமும்தான். ஆட்டைத்திவசம் முடிந்து அவரை விறாந்தைக்கு அனுப்பினேன். அதற்கு மேல் என் கை ஓடவில்லை. புதுக் கணினி வாங்கலாமே என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் நாளைக்குப் பார்ப்போம் என்கிறேன்.

இன்று காலை அரியாலையிலிருந்து ஒரு பெண், தாயின் அல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கோடு சிவந்து கிடந்தது. அக்காவின் படத்தை ஒருதரம் வெளியே எடுத்துத் திரை நிறையத் திறந்தேன். கண்ணாடி போடும் பழக்கம் எனக்கு இல்லை. முந்தானையால் திரையைத் துடைத்தேன். சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லி, படத்தைத் திரும்ப விறாந்தையில் விட்டு, விறாந்தையை வெறுமையாக்கினேன்.

“அம்மாவின்ரை படங்கள் கனக்க இருக்கு அக்கா. எல்லாத்துக்கும் இடம் காணுமோ?” என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“ஓம், காணும். இப்பதான் ஒராள் எழும்பிப் போனவா” என்றேன்.