யாருடைய நெஞ்சு?

போன கிழமை சட்டை வாங்கப் போன கடையில் ஒரு பெண் என் நெஞ்சைச் சுற்றி அளவு நாடாவைப் போட்டாள். அவள் எண்ணைச் சொல்லுமுன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சளவு விஷயத்தில் ஜெர்மனியில் ஒரு காலம் நான் பெயர் கெட்டவன். கதையைக் கேளுங்கள்.

எண்பத்தாறாம் ஆண்டு. பால்டிக் கடலோரச் சிற்றூர் ஒன்றில், அகதி முகாமில் இருந்தோம். வேலை செய்ய அனுமதியில்லை. நகரசபை தரும் சில்லறை வேலைகள் மட்டும்தான். எனக்கும் என் அறையில் இருந்த கனகு அண்ணைக்கும் மரம் அளக்கிற வேலை வாய்த்தது. கடற்கரையை ஒட்டி நிற்கும் பழைய ஓக் மரங்களைத் தேடிப்பிடித்துப் படிவத்தில் சுற்றளவு எழுதவேண்டும். மழையில் நனைந்த ஓக் பட்டைக்கு ஊறிய செருப்புத் தோலின் மணம். கடற்காற்று நாடாவைப் பறிக்கும் என்பதால் நான் மரத்தை அணைத்துக்கொண்டு நிற்பேன், அண்ணை நாடாவோடு சுற்றி வருவார். தமிழர்கள் மரத்தைக் கும்பிடுகிறார்கள் என்று ஊரில் கதை பரவியது. நாங்களும் மறுக்கவில்லை.

நகரசபையில் மரங்களுக்குப் பொறுப்பான ஹன்சன் அம்மா ஒரு வாக்குத் தந்திருந்தார். வேலை திருத்தமாக இருந்தால், எனக்குத் தோட்டத்துறையில் அவுஸ்பில்டுங் கிடைக்கக் கடிதம் எழுதுவாராம். தொழிற்பயிற்சி கிடைத்தால் முகாமை விட்டு வெளியேறலாம். அந்தக் கடிதத்தை நினைத்துத்தான் நான் காலையில் எழும்பினேன்.

அளக்கவேண்டிய இடத்தை அவர் ‘புருஸ்ட்ஹோஹெ’ என்று சொல்லியிருந்தார். அகராதியில் பார்த்தேன்: நெஞ்சு உயரம். யாருடைய நெஞ்சு என்று அகராதியில் இல்லை. என்னுடையதை வைத்து அளந்தேன். ஐம்பது மரம் முடிந்த பிறகுதான் படிவத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்து கண்ணில் பட்டது: நிலத்திலிருந்து ஒரு மீட்டர் முப்பது. நான் கட்டையன். என் நெஞ்சு அதற்கு ஒரு சாண் கீழே. மரமோ கீழே போகப் போகப் பருக்கும். ஐம்பது மரத்தையும் கொழுக்க வைத்திருந்தேன்.

“தம்பி, வாயைப் பொத்திக்கொண்டிரும். மரம் வந்து முறைப்பாடு குடுக்கப்போகுதே? முதல்ல கடிதம் வரட்டும்” என்றார் அண்ணை.

“ஏலாது அண்ணை. ஆரும் திரும்ப அளந்தா நான் துலைஞ்சன்.”

நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள், பயம்தான்.

மறுநாள் உடைந்த ஜெர்மனில் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த அம்மா மீட்டர் கோலை எடுத்து என் பக்கத்தில் நிறுத்தினார். என் கோட்டின் தோளருகே சோக்கால் ஒரு கோடு இழுத்து, “இன்றைக்கிலிருந்து உங்கள் நெஞ்சு இங்கே” என்றார். கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்க எனக்கும் துணிவில்லை.

ஐம்பதையும் திரும்ப அளந்தோம். “உம்மட நெஞ்சால என்ர நாரி முறிஞ்சு போச்சு” என்று அண்ணை ஒவ்வொரு மரத்தடியிலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திட்டினார். ஒருநாளும் வராமல் இருக்கவில்லை.

மாரியில் கடிதம் வந்தது. ‘இவர் பிழை விட்டார். யாரும் கண்டுபிடிக்குமுன் தானே வந்து சொன்னார். இவரைப் பயிற்றுவிக்க விரும்புகிறேன்.’ வாசித்து முடித்ததும் வாய்விட்டு அழுதேன்.

இன்றைக்கு, கடலோர மேட்டில் நின்ற அந்த ஓக் மரங்களில் சில மண் சரிந்து கடலோடு போய்விட்டன. முகாம் நின்ற இடத்தில் விடுமுறை வீடுகள். கனகு அண்ணை கனடாவுக்குப் போய்விட்டார். அந்த நாட்களில் அரசாங்கக் கடிதம் வந்தால் அவரைப் பக்கத்தில் இருத்திவைத்துத்தான் உறையைக் கிழிப்பேன், அப்படிக் கை நடுங்கும். இப்போது தேநீர் குடித்தபடியே கிழிக்கிறேன். அந்த நடுக்கம் எந்த ஆண்டில் காணாமல் போனதென்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.