அசையாத தட்டு

நான் கதை எழுதுகிறவன் இல்லை. நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைத்துக் கட்டுகிறவன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அப்படிப்பட்டவன் மெனக்கெட்டு உட்கார்ந்து பொய் எழுத வேண்டிய தேவை இல்லை. நேரங்களை அன்றன்றே ஒரு துண்டுத்தாளில் குறித்து வைத்திருந்தேன். ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இதை எழுதும்போது இடது கையை மேசைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் சண்டை வந்தால் வாயைத் திறக்க மாட்டேன். கல்யாண மோதிரத்தை விரலிலேயே போட்டுத் திருகிக்கொண்டிருப்பேன். அன்றைக்கும் அப்படித்தான். என் மனைவி ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தாள். பிறகு சோர்ந்துபோய், "கத்துங்க, திட்டுங்க, என்ன வேணா செய்யுங்க. அதைப் போட்டுத் திருகாதீங்க" என்றாள். நான் மோதிரத்தைக் கழற்றி பால்கனி வழியாக வெளியே வீசினேன். அப்போதும் ஒன்றும் பேசவில்லை. போய்ப் படுத்துவிட்டேன். காலையில் எழுந்தபோது அவள் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. பால்கனிக்குக் கீழே ஒரு பொட்டல். வாரச் சந்தை ஒரு காலத்தில் அங்கேதான் கூடும். சந்தை வேறு இடத்துக்குப் போய்விட்டது. குப்பை மட்டும் போகவில்லை. பாட்டில் மூடி, ஆணி, நசுங்கிய தகர டப்பா, அலுமினியத் தாள் என்று மண்ணை விட அதுதான் அதிகம். கையால் துழாவிப் பார்த்தேன். விரல்தான் கிழிந்தது.

பன்னிரண்டாம் நாள், ஒரு திங்கட்கிழமை, அவள் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொன்னாள். எனக்கு மூச்சு திரும்பி வந்தது. வைக்கப்போகும்போது, "மோதிரம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. சொல்லியாகிவிட்டது. அவள் போனை வைத்துவிட்டாள். இந்த ஒரு பொய்யோடு அவள் முன்னால் வெறும் விரலைக் காட்டினால் எல்லாம் முடிந்துவிடும். எனக்கு ஆறு நாள் இருந்தது.

எங்கள் நூலகத்து எலக்ட்ரீஷியனுக்குப் 'பாம்புக்காது' என்று பெயர். மேல் மாடியில் மின்விசிறி முனகினால் கீழ் மாடியிலிருந்தே எந்த விசிறி என்று சொல்லிவிடுவான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவனிடம் ஒரு மெட்டல் டிடெக்டர் இருந்தது. பழைய காசு தேடிப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று இரவல் கேட்டேன். பேசாத மனுஷனுக்கு இப்படி ஒரு ஆசையா என்று சந்தோஷமாகக் கொண்டுவந்து, பொட்டலிலேயே வைத்துக் கற்றுக்கொடுத்தான்.

ஐந்து காசுகளைக் குப்பைக்கு நடுவே அவனே புதைத்தான். தடியின் நுனியில் வட்டமாக ஒரு தட்டு. அதைத் தரையோடு ஒட்டி, பெருக்குவது மாதிரி மெதுவாக ஆட்ட வேண்டும். அவசரப்பட்டால் குப்பையின் இரைச்சலில் காசு முழுகிப்போகும். ஆணி உறுமும். மூடி கரகரக்கும். காசு மட்டும் மணி மாதிரி, எந்தப் பக்கமிருந்து ஆட்டினாலும் ஒரே போல ஒலிக்கும். அரை மணி நேரத்தில் ஐந்தையும் தோண்டி எடுத்துவிட்டேன்.

நடுவில் ஒரு முறை களைத்துப்போய்த் தட்டைத் தரையில் வைத்துவிட்டு நின்றேன். ஹெட்போனில் சத்தமே இல்லை. கெட்டுவிட்டதோ என்று பயந்தேன்.

"ஆட்டினாத்தான் சார் கத்தும்" என்றான். "தட்டு அசையணும், இல்ல கீழ இருக்கற சாமான் அசையணும். ரெண்டும் சும்மா இருந்தா இதுவும் ஊமை. உங்கள மாதிரி."

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வேலை முடிந்து தேடினேன். காசு கிடைத்தது. மோதிரம் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை வேறு வழியில்லாமல் அவனிடம் உண்மையைச் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"தங்கமும் டப்பா மூடி வளையமும் இதுக்கு ஒரே சத்தம் சார். நீங்க காசுன்னு சொன்னீங்களேன்னு அந்தச் சத்தம் மட்டும் கேக்காம மெஷின்ல அடைச்சு வச்சேன். ரெண்டு நாளா மோதிரத்து மேலயே நீங்க நடந்திருக்கலாம்."

மெஷினில் இருந்த ஒரு குமிழைத் திருப்பி வைத்துக் கொடுத்தான். இனிமேல் குப்பை எல்லாம் பேசும், எல்லாவற்றையும் தோண்ட வேண்டியதுதான் என்றான்.

வெள்ளிக்கிழமை நாற்பத்தோரு குழி தோண்டினேன். அத்தனையும் வளையமும் தாளும்தான். எல்லாவற்றையும் மூடிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மாலை 4.30க்கு மறுபடி இறங்கினேன். அதுதான் கடைசி நாள். சுவர் ஓரமாகத் தொடங்கினேன். ஹெட்போனில் காது கிழியும் இரைச்சல். 6.05க்கு வெளிச்சம் மங்கத் தொடங்கியது.

6.08க்கு இரைச்சல் நின்றது.

பேட்டரி போய்விட்டது என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்த ஒரு காசைப் போட்டு ஆட்டிப் பார்த்தேன். மணி மாதிரி ஒலித்தது. மெஷினில் கோளாறு இல்லை. நான் நின்ற இடத்தில்தான் ஒன்றுமே இல்லை. சுற்றிலும் பாய் அளவு அகலத்துக்கு ஒரு மூடி இல்லை, ஒரு ஆணி இல்லை. அந்தப் பொட்டலில் அப்படி ஓர் இடம் இருக்கவே முடியாது. யாரோ உட்கார்ந்து பொறுக்கி எடுத்தது போலச் சுத்தமாக இருந்தது.

கண்ணாடியைத் துடைக்கலாம் என்று தட்டைத் தரையில் வைத்தேன்.

டுங்...

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. மணி 6.12.

தடியை நான் தொடவில்லை. அது என் தோளில் சாய்ந்து அசையாமல் இருந்தது.

டுங்...

என் கைக்கடிகாரமாக இருக்கும். கழற்றித் தூர வைத்தேன். சாவிக்கொத்தையும் அந்தக் காசையும் வைத்தேன். தோண்டும் கரண்டியைப் பத்தடி தள்ளி எறிந்தேன். தடியைச் செங்கல்மீது சாய்த்துவிட்டு, ஹெட்போன் வயர் எட்டும் தூரத்துக்கு விலகி நின்றேன்.

டுங்... நான்கு விநாடி. டுங்... நான்கு விநாடி. டுங்...

தட்டு அசையவில்லை.

அப்படியானால்... கீழே இருப்பது அசைகிறது.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் அது நடுத்தரமான சத்தம். தங்கத்துக்கு வரும் சத்தம். ஐந்து நாளாக அதற்காகத்தான் காத்திருந்தேன். நாளைக்கு அவள் வருகிறாள்.

கரண்டியை எடுத்துவந்து தோண்டினேன். இரண்டு அங்குலம். நான்கு அங்குலம். சத்தம் கூடியது. ஆறு அங்குலம். வீசிய மோதிரம் இவ்வளவு ஆழத்துக்கு எப்படிப் போகும்? அந்தக் கேள்வி அப்போது எனக்கு வரவில்லை.

குழிக்குள் கையை விட்டேன்.

சத்தம் நின்றது.

விரலில் மோதிரம் தட்டுப்பட்டது. எடுத்தேன். மண்ணுக்குள் இருந்த உலோகம் சில்லென்று இருக்க வேண்டும். இது சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் விரலிலிருந்து கழற்றிக் கொடுத்தது போல...

அதன் மேல் பக்கம் ஆழமாக ஒரு கீறல். கரண்டி பட்டிருக்கும் என்று நினைத்தேன். இடது கை விரலில் போட்டுப் பார்த்தேன். அளவாகப் பொருந்தியது. மணி 6.31. குழியை மூடாமலே வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

ஞாயிறு காலை 6.00 மணிக்குப் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனேன்.

குழி மூடியிருந்தது. மேலே உள்ளங்கையால் தடவி மெழுகியது போல விரல் தடங்கள்.

மாலை 7.05. மனைவி வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. என் கையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. சந்தோஷம் இல்லை.

"இது யாரோடது?"

"நம்மளோடதுதான். கீழ தேடி எடுத்தேன்."

அவள் பர்ஸைத் திறந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். மோதிரம். உள்பக்கம் எங்கள் கல்யாணத் தேதி.

"நீங்க தூக்கிப் போட்ட அன்னைக்கே டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பொறுக்கிட்டேன். செவுத்தோரமா, மண்ணு மேலயேதான் கிடந்தது. பதினெட்டு நாளா என்கிட்டதான் இருக்கு. அதான் போன்ல கேட்டேன். நீங்க உண்மையைச் சொல்வீங்கன்னு பார்த்தேன்."

என் விரலில் இருந்ததைக் கழற்றப் பார்த்தேன். நேற்று வழுக்கிக்கொண்டு ஏறியது. இன்று நகரவில்லை. சோப்பு போட்டும் வரவில்லை.

முதல் முறையாக நான் பேசினேன். நிறுத்தாமல் பேசினேன். பொய், பொட்டல், சத்தம், சூடு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பவில்லை. மூலையில் இருந்த டிடெக்டரைப் பார்த்தாள். இதுதானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஆட்டினால்தான் கத்தும் என்பதையும் சொன்னேன்.

இருவருக்கும் கேட்க ஹெட்போனைக் கழற்றிவிட்டு மெஷினை ஆன் செய்து தந்தேன். தட்டைச் சோபாவின் கைப்பிடிமேல் வைத்து அவளே பிடித்துக்கொண்டாள். நான் தட்டுக்கு முன்னால் கையை நீட்டி, முழங்கையை மேசையில் ஊன்றி வைத்தேன்.

அமைதி.

டுங்...

"கையை ஆட்டாதீங்க."

"ஆட்டல."

டுங்...

நான்கு விநாடி.

டுங்...

அவள் என் கையைப் பார்க்கவில்லை. மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேல் பக்கம் இருந்த கீறல் இப்போது பக்கவாட்டில் இருந்தது.

அடுத்த சத்தத்துக்கு அது விரலுக்கு அடியில் போயிருந்தது.

"திருகாதீங்க" என்றாள் மெல்ல.

நான் திருகவில்லை.