பிடுங்கி வைத்த போன் வயர்

வானம் கறுத்தால் செபாஸ்தியம்மாள் பாதிப் பூசையில்கூட எழுந்து வீட்டுக்கு ஓடுவாள். பேகம்பூர்ப் பக்கம் அதைக் கேலி பண்ணாத ஆள் கிடையாது. சும்மாவா ஓடினாள்? சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. தொண்ணூற்றெட்டில், பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தவளின் கலர் டிவி, கேபிள் வழியாக வந்த இடியில் புகைந்து போனது. எலக்ட்ரீசியன் சாகுல் ஹமீது வந்து பார்த்துவிட்டு, "பிளக்கை மட்டும் பிடுங்கினா போதுமாக்கா? வெளியேருந்து வர்ற எந்த வயர்லயும் இடி இறங்கும்" என்று சொல்லிப் போனார்.

மகன் அந்தோணிராஜ் ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணி சுகன்யாவோடு வந்து நின்றபோது, "என் மூஞ்சியில முழிக்காதே" என்று துரத்தியவளும் இவள்தான். அவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். ஒரு வருஷத்தில் இவள் வீம்பு கரைந்தது. அவனுக்காகவே போன் வாங்கினாள். நம்பரை அவன் கூட்டாளி செழியனிடம் கொடுத்தவள், "நம்பரை மட்டும் குடுப்பா, வேற ஒண்ணும் சொல்லாத" என்றாள். அந்த வறட்டுக் கௌரவத்தை என்ன சொல்ல!

வீட்டில் எது போனாலும் போகட்டும், போன் போயிரக்கூடாது. மின்னல் வெட்டினால் முதலில் போன் வயரைத்தான் பிடுங்குவாள். அந்த ஐப்பசியில் சாயங்காலமானால் இடிதான். மழை விட்டதும் வயரைச் செருகி, ரிசீவரில் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும். போன் நன்றாகத்தான் இருந்தது. மகன்தான் கூப்பிடவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று திட்டித் திட்டி அழுதாள்.

தை மாதம் லாரி மோதி அந்தோணிராஜ் செத்துப்போனான். பாவிப்பய, முப்பதுகூட ஆகவில்லை. ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ஏழாம் நாள் பூசை முடிந்து மாமியாரும் மருமகளும் மட்டும் வீட்டில் இருந்தபோது செபாஸ்தியம்மாள் கேட்டாள்.

"ஒருவாட்டிகூட எனக்குப் போன் போடணும்னு அவனுக்குத் தோணலையா?"

சுகன்யா நிமிர்ந்து பார்த்தாள். "ஐப்பசியில எத்தனையோ தடவை போட்டாரே அத்தை. மத்த நாள்ல, ஞாயித்துக்கிழமைகூட, ஷிப்ட் முடியறதுக்குள்ள எஸ்.டி.டி. பூத்தைச் சாத்திருவாங்க. இடி மழைன்னா கரண்டு போயி கம்பெனி சீக்கிரம் விட்டுரும். அன்னைக்குத்தான் பூத்துக்கு ஓடுவாரு. அவரு காதுல மணி அடிச்சுக்கிட்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டாங்க. அம்மாவுக்கு இன்னும் கோவம் ஆறலைன்னு சொல்லி, ஒருநாள் நம்பரைக் கிழிச்சுப் போட்டுட்டாரு."

செபாஸ்தியம்மாள் போன் வயரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்கேயும் இடி தாயி. வயரைப் பிடுங்கி வச்சிருந்தேன். இங்க மணியே அடிக்கல."

"அது அவருக்குத் தெரியாதே அத்தை" என்றாள் சுகன்யா.