காலையில் ஒரு மிஸ் கால்

என் மகனுக்கு வேலை சிங்கப்பூரில், டெலிபோன் கம்பெனி ஒன்றில். எந்தக் கேபிள் அறுந்தது, எந்த லைன் செத்தது என்று திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை. படித்த வேலை. பாலோ ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியும், பிறகு செனாய் டவுனுக்கு வந்து ஃபேக்டரி கேண்டீனில் சட்டி கழுவியும் நான் படிக்கவைத்த பிள்ளை. அதை அவனிடம் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

முன்பெல்லாம் மாதம் தவறாமல் எல்லைப் பாலம் தாண்டி வருவான். ஜாமில் நின்று நின்று வந்து சிடுசிடு என்று இருப்பான். ஆனாலும் வருவான். போட்டதைச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போவான். எனக்கு அது போதும்.

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். கால்தான் பிசகியது. அவன் ஓடி வந்து, என்னைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து ஓர் ஏற்பாடு சொன்னான்.

"மா, தினமும் எந்திரிச்சதும் எனக்கு ஒரு மிஸ் கால் குடுங்க. நான் எடுக்க மாட்டேன். அடிச்சா நீங்க நல்லா இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்குவேன்."

"எடுக்க மாட்டேங்கிறவனுக்கு நான் எதுக்குடா அடிக்கணும்?"

"எங்க மெஷினுங்களும் அப்படித்தான்மா. ஒண்ணுக்கொண்ணு 'இருக்கேன், இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே இருக்கும். சத்தம் நின்னுபோனா அந்த லைன் செத்துப்போச்சுன்னு பேச்ச வேற வழியில அனுப்பிடும். போன்ல பேசிக்கிட்டு இருக்கிறவங்களுக்கு வழி மாறுனதே தெரியாது."

"வேற சேதி ஒண்ணும் சொல்லிக்காதா?"

"அந்தச் சத்தத்துல ஒண்ணும் இருக்காதுமா. உசுரோட இருக்கா, இல்லையா. அவ்வளவுதான்."

என் அழைப்பு வராவிட்டால் அவன் என் வீட்டு போனுக்கு அடிப்பான். அதையும் நான் எடுக்காவிட்டால் எதிர்வீட்டுக்காரி வந்து பார்ப்பாள். காலையில் கேட் பக்கம் மேசை போட்டு நாசி லெமாக் சோறு விற்கிறவள், நல்ல பெண். வீட்டுச் சாவி ஒன்றை அவளிடம் கொடுத்துவைத்தான். முதல் வழி, இரண்டாவது வழி என்று விரல் விட்டுச் சொன்னான். மூன்றாவது விரலுக்கு 'நான் வருவேன்' என்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையை மடக்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு வருவது குறைந்தது. தைப்பூசத்துக்கு வரவில்லை. சீனப் பெருநாள் லீவுக்கும் வரவில்லை. கேட்டால், "நீங்கதான் தினமும் அடிக்கிறீங்களேமா, அதான் நிம்மதியா இருக்கேன்" என்பான். வா என்று கெஞ்சுவது எனக்கு வராது.

ஒரு சனிக்கிழமை, அவனுக்கு வேலை இல்லாத நாள், நான் அடிக்கவில்லை. பயந்து ஓடி வரட்டும் என்று நினைத்தேன். விடிந்ததும் கோழிப் பெரட்டல் செய்து, ரசம் வைத்து, தலை சீவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தேன். வீட்டு போன் அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. இந்நேரம் சட்டையை மாட்டிக்கொண்டிருப்பான், பாலத்தில் கூட்டம் இருக்குமோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன்.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. கையில் சம்பல் கரண்டியோடு எதிர்வீட்டுக்காரி சாவி போட்டு உள்ளே வந்தாள்.

"என்னாங்க ஆன்ட்டி, கல்யாணத்துக்குப் போற மாதிரி உக்காந்திருக்கீங்க? உங்க மகன் ஆள் இருக்கீங்களான்னு பாக்கச் சொன்னாரு. கடைய அப்படியே போட்டுட்டு ஓடி வாரேன்."

"இருக்கேன். போறப்ப சொல்லி அனுப்புறேன்."

"கொஞ்சம் சிரிங்க லா, போட்டோ கேட்டாரு."

நான் சிரிக்கவில்லை. அப்படியே எடுத்து அனுப்பினாள். உடனே அவளுடைய போன் அடித்தது. நான் கேட்கும்படி சத்தமாக வைத்தாள். என் மகன் சிரித்துக்கொண்டே பேசினான்.

"மறந்துட்டீங்களாமா? பரவால்ல. ரொம்ப நாளா இத டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்னு இருந்தேன். பாத்தீங்களா, எவ்வளவு அழகா வேல செஞ்சிருக்கு."

வர்றியாய்யா என்று வாய் வரைக்கும் வந்தது. எதிர்வீட்டுக்காரி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமாய்யா, மறந்துட்டேன்" என்றேன்.

எனக்கு எதுவும் மறந்ததில்லை. அவன் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போன முதல் சப்பாத்தின் நிறம்கூட நினைவிருக்கிறது.

பெரட்டலைச் சட்டியோடு எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"யாருக்கு ஆன்ட்டி இவ்வளவு செஞ்சீங்க?"

"உனக்குத்தான். கடைய விட்டுட்டு வந்தீல்ல."

அன்றிலிருந்து ஒருநாளும் நான் தவறியதில்லை. உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்க இன்னொரு தடவை யாரும் சாவி போட்டு என் வீட்டுக்குள் வர வேண்டாம். போன வாரம் நல்ல காய்ச்சல். எழுந்து சுடுதண்ணீர் வைக்கக்கூட முடியவில்லை. படுத்துக்கொண்டே கைபேசியைத் தேடி எடுத்து அவனுக்கு அடித்தேன். ஒருமுறை ஒலித்ததும் நிறுத்திவிட்டேன். அவன் எடுக்கவில்லை.

நான் நல்லா இருக்கிறேன் என்று அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.